நாலு சக்கர டிரெய்லர்

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அரங்கநாதன் தோளில் துண்டோடு ஒரு தாம்புக் கயிறும் கிடந்தது. மாடு பிடிக்க வந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கயிற்றில் மூன்று முடிச்சு. நுனியிலிருந்து தூரத்து முடிச்சு வரை டிராக்டரின் நீளம், நடு முடிச்சு வரை அகலம். கடைசி முடிச்சு கயிற்று நுனியிலிருந்து முழங்கால் உயரத்தில் இருந்தது. அது என்ன அளவு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கார்த்திகை மாதத்துத் தூறல். நனைவதா வேண்டாமா என்று மனிதனை யோசிக்க வைக்கிற மழை. செஞ்சி ரோட்டில் நடந்து, வெல்டிங் வெளிச்சம் பளிச்சிட்ட பட்டறையைக் கண்டுபிடித்து, வாசலில் செருப்பைக் கழற்றினார். பட்டறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆளைப் பட்டறை நடத்தும் இன்னாசிராஜ் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"போட்டுக்கினே வாங்கண்ணே, உள்ள இரும்புத் தூளு கீது. வல்லத்துக்காரருதானே? வண்டிய வாங்கற தேவசகாயம் சொன்னாரு, டிராக்டரு, கலப்பை எல்லாம் ஏத்தியாரணும்னு. மல்லாட்ட ஒடைக்கிற மிஷினுக்குப் பெல்ட் போட்டு ஓட்டப் போறாராமே."

"ஆமாம் தம்பி. ஒரு டிரைலரு வேணும்."

"இன்னா வண்டி அது?"

"பழசு. எங்கப்பா காலத்து வண்டி. ரெண்டு சிலிண்டரு. கப்பல்ல வந்தது."

இன்னாசிராஜின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. இரும்பிலேயே கிடந்து உழல்கிறவனுக்கு அப்படியொரு வண்டி இன்னும் இருக்கிறது என்று கேட்பது உறவுக்காரன் செய்தி மாதிரி.

"டொப்பு டொப்புனு சத்தம் குடுக்குமே, அதானே? எங்க சின்ன வயசுல சாமியாருங்க பண்ணையில ஒண்ணு இருந்துச்சி. ஒரு மைலுக்குக் கேக்கும். ஓடுதா இன்னும்?"

அரங்கநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஓடும்."

"ஓடுற வண்டிக்கு எதுக்குண்ணே டிரைலரு? ஒரு ஆள வச்சி ஓட்டிக்கினு வந்தா பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்து நிக்குமே."

அரங்கநாதன் பட்டறைக்குப் பின்னால் மழையில் நின்ற டிரெய்லர்களைப் பார்த்து நடந்தார். மூன்று நின்றன. ஒன்று கரும்பு ஏற்றுகிறது, பக்கமெல்லாம் கம்பி அடித்து ஆள் உயரத்துக்கு நின்றது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்தது பலகை அடித்த ரெண்டு சக்கர டிரெய்லர். மூன்றாவது நாலு சக்கரம், நீளம், தாழ்வு. அடிவயிறு தரையைத் தொடுகிற கிழட்டு எருமை மாதிரி கிடந்தது.

இன்னாசிராஜ் ரெண்டு சக்கரத்தின் பலகையைத் தட்டினான். "இதான் உங்களுக்கு ஏத்தது. எந்தச் சந்துலயும் பூந்து வந்துடும். பலகை கொஞ்சம் ஒசரந்தான். வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு சட்டத்தச் சாய்ச்சிப் போட்டு, மொதோ கியர்ல மெள்ள ஏத்திடலாம். பின்னால மட்டும் முட்டு குடுக்கணும். இல்லேன்னா மூக்கத் தூக்கிக்கும்."

மூக்கைத் தூக்கிக்கொள்ளும் என்றதும் அரங்கநாதனின் கை டிரெய்லரை விட்டு விலகிவிட்டது. அவர் நாலு சக்கரத்துக்குப் போய்க் குனிந்து கயிற்றைப் பிடித்தார். நீளம் சரி. அகலம் சரி. கயிற்று நுனியைத் தரையில் வைத்து நிறுத்தினார். கடைசி முடிச்சும் பலகையும் ஒன்றாக நின்றன.

"டேப்பு கீதுண்ணே, குடுக்கட்டா?"

"வாணாம். இது இன்னாத்துக்குச் செஞ்சது?"

"கெணறு வெட்றவங்க ஆயில் இன்ஜின், கிரேன் எல்லாம் ஏத்திக்கினு போவாங்க. ஏத்தறதுக்கு சொகம். செயின் பிளாக் மாட்டி, சத்தமே இல்லாம இஸ்துக்கலாம். ஆனா முன்னாலதான் போவும். பின்னால வா, வளைஞ்சி வான்னா பேஜாரு. உங்க ஊர்ல தெரு எப்பிடி?"

"பெரிய தெருதான். நெல்லு வண்டி எல்லாம் போற தெரு."

"முடக்கு கிடக்கு இல்லியே? நான் வேணா ஒரு நட வந்து பாத்துட்றேனே."

"பாக்க இன்னா கீது? நான் பொறந்து வளந்த தெரு. சத்தம் இல்லாம ஏத்தலாம்னு சொன்னியே, இதான் எனக்கு வேணும்."

அவசரக்காரனுக்கு ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காது. முப்பது வருஷமாக மாட்டு வண்டி ஓட்டியவர் அரங்கநாதன். பாரத்தைத்தான் அளப்பார். தெருவை அவர் எந்தக் காலத்தில் அளந்தார்? மாடு தானாகத் திரும்பும், வண்டி அதன் பின்னால் திரும்பும்.

"கேக்கறனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் இன்னாசிராஜ். "ஏன் சத்தம் வரக் கூடாது?"

அரங்கநாதன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "எம் பையன் வேங்கடேசன் அந்த வண்டியிலதான் செத்தான். ஆவணி மாசம். வண்டி சத்தம் கேட்டா எங்க வூட்ல தாங்க மாட்டா."

இன்னாசிராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அப்புறம் தெருவைப் பற்றி அவன் கேட்கவில்லை.

*

அன்றைக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஏரிக்கரை அடியில் கழனியில் நடவுக்குச் சேறு குழப்பிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தான் வேங்கடேசன். பின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. வெளியே எடுக்க வேகத்தைக் கூட்டியிருக்கிறான். முன்பக்கம் எழும்பி, வண்டி அப்படியே பின்னால் மல்லாந்துவிட்டது. பக்கத்துக் கழனியிலிருந்த பச்சைமுத்து ஓடிவந்து, ஆள் சேர்த்து, மாடுகளைப் பூட்டி இழுத்துத்தான் வண்டியை நிமிர்த்தினான். சேற்றிலிருந்து எடுத்தபோது உயிர் இருந்தது. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம் என்று, வரப்போரம் நின்ற டிரெய்லரில் கிடத்தி, அதே டிராக்டரைக் கிளப்பினார்கள். பாழாய்ப்போன வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. ஏரிக்கரை ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. பச்சைமுத்து வண்டியை வீட்டுக்குத் திருப்பினான்.

வேங்கடேசனின் அம்மா கோவிந்தம்மாளுக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். சாயங்காலம் கோயில் முடக்கில் டொப் டொப் என்று கேட்டால் கொல்லைப்புற அடுப்பில் வெந்நீர்த் தவலையை ஏற்றுவாள். மகன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதை பேசிக்கொண்டு நின்றால் "தண்ணி ஆறுது, வா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கல்யாணமாகி அம்சா வந்த பிறகும் அந்த வேலையை மருமகளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் சத்தம் கேட்டுத்தான் தண்ணீர் போட்டாள். இன்னிக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் என்று நினைத்துக்கொண்டே போட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்த அந்தத் தண்ணீரை விளாவித்தான் அவனைக் குளிப்பாட்டினார்கள்.

அன்றைக்குப் பிறகு அவள் தவலையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்தான். அம்சாவுக்கு அப்போது நாலு மாதம். இப்போது வயிறு நன்றாக மேடிட்டுவிட்டது. காணையிலிருந்து அவள் அண்ணன் வந்து கூப்பிட்டதற்கு, "அத்தையத் தனியா உட்டுட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வளைகாப்பு இல்லை, கையில் வளையலே இல்லை. மார்கழிக் குளிர் வரப்போகிறது, அந்தப் பெண் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டு நடுங்கி வருவதைப் பார்க்கும்போது அரங்கநாதன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கோவிந்தம்மாளிடம் தண்ணீர் காய வை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மகனைக் கிடத்திய டிரெய்லரைக் கருமாதி முடிந்த கையோடு அம்சாவின் அண்ணன் இழுத்துப் போய்விட்டான். டிராக்டர் மட்டும் பூவரச மரத்தடியில் நின்றது, பக்கத்தில் சட்டிக் கலப்பை, கொழுக் கலப்பை, சேற்றுக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரம். ஏதோ திருமணத்துக்கு வந்து சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளைப் போல அவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக் கிடந்தன. விற்றுவிடலாம் என்று தேவசகாயத்துக்குச் சொல்லியனுப்பியது அரங்கநாதன்தான்.

அன்று சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து திரும்பி, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தட்டில் இருக்க, விஷயத்தைச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம வராங்க. டிரைலரு பாத்துட்டேன். தாழ்வா கீது. சங்கிலி போட்டு இஸ்துக்கலாம்."

கோவிந்தம்மாள் களியை உருட்டிப் போட்டாள். "போவட்டும். இந்தப் பொண்ணு பெத்துப் பொழைக்கறதுக்குள்ள போவட்டும். ஆனா ஒண்ணு. அந்தச் சத்தம் என் காதுல உழக் கூடாது. சொல்லிட்டேன்."

"உழாது."

"ஒரு வாட்டி கேட்டு ஏமாந்தேன். இன்னொரு வாட்டி என்னால ஆவாது."

"நீ வேணா அன்னிக்குத் திருவக்கரைக்குப் போயிட்டு வாயேன். அம்மனப் பாத்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"அவளப் பாத்து நான் இன்னா கேக்கறது? வாயும் வயிறுமா இருக்கறவள உட்டுட்டு எங்கியும் போவ மாட்டேன். அதான் உழாதுன்னு சொல்ட்டீங்களே."

அம்சா விளக்கடியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாமனாரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். "அவரு அத எப்பவும் தொடச்சி வைப்பாரு மாமா. ஏத்தறதுக்கு முன்ன ஒரு வாட்டி தொடச்சி அனுப்புங்க," என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

*

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. அரங்கநாதன் பழைய வேட்டியைக் கிழித்து டிராக்டரைத் துடைத்தார். சீட்டில் மடித்துப் போட்டிருந்த கோணிப்பை அப்படியே இருந்தது, உட்கார்ந்த பள்ளத்தோடு. அதை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் சுற்றித் துடைத்தார்.

இன்னாசிராஜ் ஒரு புது டிராக்டரில் நாலு சக்கர டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக வந்து சேர்ந்தான். அந்தச் சத்தம் வேறு, அதைக் கோவிந்தம்மாள் சட்டை செய்யவில்லை. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

ஏற்றுகிற வேலை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முடிந்தது. சட்டம் ரெண்டைச் சாய்த்து, செயின் பிளாக்கை மாட்டி, இன்னாசிராஜ் சங்கிலியை இழுக்க இழுக்க, டிராக்டர் அடம் பிடிக்காத மாடு போல ஏறியது. கூடமாட இருந்த பச்சைமுத்து ஸ்டியரிங்கைத் தரையில் நின்றபடியே பிடித்துக்கொண்டான். சீட்டில் உட்காரச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவில்லை. கலப்பைகளையும் இரும்புச் சக்கரங்களையும் முன்னால் அடுக்கினார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சங்கிலியால் இறுக்கிக் கட்டினார்கள்.

"பாத்தியா, சத்தமே இல்ல," என்றார் அரங்கநாதன். மூன்று மாதத்தில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது அப்போதுதான்.

"இன்னும் தெருவத் தாண்டலியேண்ணே," என்றான் இன்னாசிராஜ். "வந்த வழியே போயிடலாமா?"

"பாரத்தோட ஏரிக்கரை ஏறாது. கரை ஊறிக் கெடக்குது. தெரு வழியா போ."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. போகிற வழி அது ஒன்றுதான்.

டிரெய்லர் தெருவில் போனது. பெண்கள் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். மாரியம்மன் கோயில் முடக்கில் தெரு வலது கைப் பக்கம் மடங்குகிறது. உள்பக்கம் கோயில் பலிபீடம். வெளிப்பக்கம் பச்சைமுத்து வீட்டுச் சுவர், சுவரோரம் மழைத் தண்ணீர் போகிற கால்வாய். முன்னால் போன டிராக்டர் திரும்பிவிட்டது. டிரெய்லரின் முன் சக்கரமும் திரும்பியது. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதையாக, பின்பக்கம் பலிபீடத்தை நெருங்கிக்கொண்டே வந்தது.

"நிறுத்து, நிறுத்து," என்று பச்சைமுத்து பானெட்டில் அடித்தான்.

இன்னாசிராஜ் இறங்கிப் பார்த்தான். பலிபீடத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே கை நுழையாது. பின்னால் எடுக்கப் பார்த்தான். முன் சக்கரம் மடங்கிக்கொண்டு, டிரெய்லர் எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. ஊறிப்போன கால்வாய்க் கரை சரிந்து, பின் சக்கரம் ஒன்று உள்ளே இறங்கிவிட்டது. மேலே இருந்த டிராக்டர் சங்கிலி முறுக்கிக்கொண்டு பச்சைமுத்து வீட்டுப் பக்கம் சாய்ந்தது.

ஆள் சேர்ந்தார்கள். தோள் கொடுத்துத் தூக்கினார்கள், கடப்பாரை போட்டு நெம்பினார்கள். நெம்ப நெம்பக் கரை இன்னும் கரைந்தது. தூறல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. பச்சைமுத்துவின் மனைவி உள்ளேயிருந்து பாத்திரம் பண்டங்களை வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அரங்கநாதன் சேற்றில் முட்டி போட்டுச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு இன்னாசிராஜின் முகத்தைப் பார்த்தார்.

"சங்கிலி போட்டுப் பின்னால இஸ்துடலாமா தம்பி?"

"பக்கத்துல சாஞ்சிக்கினு கீதுண்ணே. இஸ்தா உருண்டுடும். வூட்டு மேலதான் உழும்."

"காலைல வரைக்கும் அப்பிடியே உட்டுட்டா?"

"மழ தாங்காது. கரை போய்க்கினே கீது." இன்னாசிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரே வழிதாண்ணே. நான் மேல ஏறி, ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் கியர்ல புடிச்சிப் புடிச்சி எறக்கணும். பாரம் எறங்கிட்டா காலி டிரைலர ஆளுங்களே தூக்கிடுவாங்க. இந்த முடக்குல மறுபடி ஏத்தவும் முடியாது. அப்பிடியே ரோடு வரைக்கும் ஓட்டிக்கினு போயி அங்க ஏத்திக்கறேன். நான் அன்னிக்கே வந்து தெருவப் பாத்திருக்கணும். என் மேலயும் தப்பு கீது."

"உன் மேல இன்னா தப்பு? நீ கேட்ட. நான்தான் பெரிய தெருன்னேன்."

அவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மகனைத்தான் காப்பாற்ற முடியவில்லை, பெண்டாட்டி கேட்ட ஒரே ஒரு காரியம், அதைக்கூடச் செய்ய முடியாத மனிதன் எதற்கு இருக்கிறான் என்று அந்த முடக்கில் நின்று நினைத்தார். கோயில் சாத்திக் கிடந்தது.

"நான் போயி வூட்ல சொல்லிட்டு உக்காந்துக்கறேன். கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணு," என்றார்.

*

கோவிந்தம்மாள் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். சேற்றுக் காலோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் முறம் நின்றது.

"போயிடிச்சா?"

"முடக்குல மாட்டிக்கிச்சி. பச்சைமுத்து வூட்டு மேல சாஞ்சிக்கினு நிக்குது. ஸ்டார்ட் பண்ணாத்தான் எறக்க முடியும்ங்கறான்."

அவள் கேப்பையில் கிடந்த கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"ரெண்டு சக்கரம் எடுத்துக்கோன்னுதான் அந்தத் தம்பி சொன்னான். நான் கேக்கல. சத்தம் வரக் கூடாதுன்னு நெனச்சேனே தவிர தெருவ நெனைக்கல. என்னால ஆவல கோவிந்தம்மா."

"எவ்ளோ நேரம் கேக்கும்?"

"ரோட்டுக்குப் போற வரைக்கும். வெளிய எங்கனா கூட்டிக்கினு போவட்டா? மல்லாட்டக் கொல்லப் பக்கம் போனா கொஞ்சம் கம்மியா கேக்கும்."

"எங்க போனா கேக்காது?" என்றாள் கோவிந்தம்மாள். "கேக்கலன்னாதான் நான் மறந்துடப் போறனா? அவங்க வூடாவது நிக்கட்டும். ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

"சொல்லிட்டுதான் வந்தேன்."

அரங்கநாதன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அம்சா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்று பேரும் தெருப்பக்கம் காதை வைத்துக்கொண்டு, கேட்கக் கூடாத ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் சுற்றில் அது இருமியது. அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டது. டொப், டொப், டொப் என்று முடக்கிலிருந்து, தினமும் வருகிற அதே இடத்திலிருந்து, அந்தச் சத்தம் வந்தது. அம்சா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் வந்து நிற்கும், "எம்மா" என்று கூப்பிடுவான் என்று அவர் உடம்பே எதிர்பார்த்தது. அறிவுக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை.

கோவிந்தம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். விழப்போகிறாளோ என்று அவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், அடுப்போரம் கவிழ்ந்து கிடந்த தவலையை நிமிர்த்தினாள். உள்ளே இருந்த சிலந்திக் கூட்டைக் கையால் வழித்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு கழுவி, நிரப்பி, அடுப்பில் ஏற்றினாள். மல்லாட்டைத் தோலை வாரிப் போட்டுத் தீ மூட்டினாள். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்துக்கு, தினமும் செய்கிறபடியே நடந்தது.

"கோவிந்தம்மா," என்றார் அரங்கநாதன். அவள் ஊதுகுழலை எடுத்து ஊதினாள்.

முடக்கில் ஆட்கள் கூச்சல் கேட்டது. டிராக்டர் உறுமி, தணிந்து, மறுபடி உறுமியது. இறங்கிவிட்டது போலிருக்கிறது. பிறகு சத்தம் நகர ஆரம்பித்தது. வழக்கமாக அது கிட்டத்தில் வரும், வர வரப் பெரிதாகும். இன்றைக்குச் சின்னதாகிக்கொண்டே போனது. தபாலாபீசைத் தாண்டியது. ரைஸ் மில்லைத் தாண்டியது. ரோட்டில் ஏறியதும் ஒரு தரம் பலமாகக் கேட்டு, நின்றது.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கோவிந்தம்மாள் அதைத் துணியால் பிடித்து இறக்கி, தட்டி மறைப்புக்குள் இருந்த அண்டாவில் ஊற்றி விளாவினாள். கையை விட்டுப் பார்த்தாள். துவைகல்லைக் கழுவிவிட்டு, சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டிக்கு வெளியே வந்து தெருவைப் பார்த்து நின்றாள்.

"தண்ணி ஆறுது," என்றாள்.

யாரும் வரவில்லை. வருவதற்கு யார் இருக்கிறார்கள்? அரங்கநாதனுக்கு ஓடிப்போய் நானாவது குளிக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. ஆவி போய்க்கொண்டே இருந்தது.

அம்சா நிலையை விட்டு நகர்ந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, மாமியாரைத் தாண்டித் தட்டிக்குள் போனாள். துவைகல்லில் மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது.

"வாங்க அத்தே," என்றாள் உள்ளேயிருந்து. "ஊத்துங்க. ஆறிடப் போவுது."

கோவிந்தம்மாள் தெருவிலிருந்து பார்வையை எடுத்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தது.

"சூடு அதிகமா கீதா?"

"இல்ல. நல்லா கீது. முதுவுல ஊத்துங்க."

மூன்று மாதமாக அவள் அழவில்லை. பிணத்தை எடுத்தபோதும் அழவில்லை, ஊரே அதைப் பேசியது. ரெண்டாவது சொம்பு விழுந்தபோது கோவிந்தம்மாள் வாய் விட்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஊற்றினாள். அம்சாவும் அழுகிறாளா என்று தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை.

அரங்கநாதன் தோளிலிருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். தவலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, ஒரு கை மல்லாட்டைத் தோலை அள்ளித் தீயில் போட்டார்.